சாம்பவி சோதினை பாஸ் பண்ணிய கதை

பிள்ளை சோதினை பாஸ் பண்ணியதற்காகச் செத்தவீடு மாதிரிக் கிடந்த ஒரு வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அதன் அடியிலேயே இருந்தவன். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்னில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் ரவுண்ஹவுஸ் வரிசையில் அது ஒரு வீடு. மேலே கஜீவன், அவன் மனைவி சுபாங்கி, ஐந்து வயது மகள் சாம்பவி. கீழே பேஸ்மன்றில் வாடகைக்கு நான். எனக்குத் துணை வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் சில அரிசி மூட்டைகளும்.

ஃபேர்னஸின் தகரக் குழாய்கள் வழியாகச் சூடு மேலே போகும், மேலே கதைப்பது கீழே வரும். அவர்கள் வெங்காயம் வெட்டினால் எனக்குக் கண் கலங்கும். ஒருநாள் கஜீவன் கண்ட கனவே வழிதவறி என்னிடம் வந்துவிட்டது. வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கனவு. சுவாரசியம் போதாதென்று பாதியில் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ஆகவே இனி நான் சொல்லப்போவது எதுவும் யாரோ சொல்லக் கேட்ட கதை அல்ல.

சுபாங்கி றோல்ஸ் சுற்றுகிறவள். பிளாசாவில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ரேக்-அவுட் கடைக்கு அவளுடைய மீன் றோல்ஸ்தான் போகிறது. எல்லாம் ஒரே நீளம். கடைக்காரர் புது அலுமாரி அடிக்கும்போது அடிமட்டத்தைக் காணாமல் அவளுடைய றோல்ஸ் ஒன்றை வைத்து அளந்தார். அலுமாரி இன்றைக்கும் நேராக நிற்கிறது. மாவைத் தண்ணியாய்க் கரைத்து மெல்லிய ரொட்டியாகச் சுட்டு, ரின்மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்த்துப் பிரட்டிய கறியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்துச் சுற்றுவாள். சுற்றியதை முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் உருட்டுவது சாம்பவியின் வேலை. ஸ்டூலில் ஏறி நின்று, இடுப்பில் தேத்தண்ணித் துவாயைக் கட்டிக்கொண்டு, ஒரு இடம்கூட வெறுமையாய் விடாமல் உருட்டுவாள். கைவேலையில் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

வாய்தான் பிரச்சினை.

"சாம்பவி, அந்த மஞ்சள் கோப்பையைக் கழுவிப்போட்டு அதுக்குள்ளை ரண்டு முட்டை எடுத்து வை பாப்பம்" என்று தாய் சொன்னால், பிள்ளை கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். நீளமான வசனம் அவளிடம் போய்ச் சேரும்போது தலை மட்டும்தான் இருக்கும். உடம்பும் வாலும் வழியிலே விழுந்துவிடும். கரண்டி வேண்டுமென்றால் "அது... அது... சோறு போடு அது" என்று கையால் அள்ளிக் காட்டுவாள். தாய் கடைக்குப் போனதும் போவதும் போகப்போவதும் எல்லாம் "அம்மா கடை போ" தான். ஆங்கிலத்திலும் இதே கதைதான். கூடப் படிக்கிற பிள்ளைகளின் பெயர் ஒன்றும் நிற்காது. விளங்காததற்கெல்லாம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பி எத்தனையோ பேர் "என்ன கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொந்தக்காரர் ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தார்கள். ஒருவர் ஐபாட்டைப் பறிக்கச் சொன்னார். ஒருவர் கோயிலில் நேர்த்தி வைக்கச் சொன்னார். ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கிப் போயிருந்த சுபாங்கியின் தாய் "பொம்பிளைப் பிள்ளை அடக்கமா இருக்கிறது நல்லதுதானே" என்றார். கஜீவனுக்கு வேறொரு எண்ணம். "ரண்டு பாசையும் ஒண்டோடை ஒண்டு சிக்குப்பட்டுப் போச்சு அங்கிள்" என்பான், ஏதோ நூல்பந்தைப் பற்றிச் சொல்வதுபோல.

மார்கழிக் குளிரில் ஒரு பின்னேரம் அவன் கீழே வந்தான். கையில் ஒரு தட்டு. பொரிக்கும்போது வெடித்த றோல்ஸ் எல்லாம் எனக்குத்தான் வரும்.

"அங்கிள், நித்திரையோ?"

"நித்திரையெண்டால் உனக்குப் பதில் சொல்லுவனே? வா தம்பி."

"பள்ளிக்கூடத்திலை சாம்பவிக்குச் சோதினை வைக்கப்போகினமாம்."

"என்ன பாடம்?"

"கதைக்கிறது."

"கதைக்கிறதுக்குச் சோதினை எண்டால் உன்ரை மாமியார் கனடாவுக்கே முதலாவதா வந்திருப்பாவே."

"பகிடி விடாதேங்கோ அங்கிள். எனக்கு நெஞ்சு பதறுது."

விசயம் இதுதான். பேச்சில் பின்தங்கிய சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். பெயர் ஜெசிகா. அவள் பார்த்து, உதவி தேவை என்று சொன்னால், பிள்ளையை ஒரு சின்னக் குழுவில் சேர்ப்பார்கள். முதலாம் வகுப்புக்குப் போகமுதல் அங்கே கதைக்கப் பழக்குவார்கள். இடம் கொஞ்சம்தான். இதை வகுப்பு ரீச்சர் சுபாங்கிக்கு ஃபோனில் விளங்கப்படுத்தியிருந்தார். சுபாங்கியும் புருசனுக்கு விளங்கப்படுத்தினாள். குழாய் வழியாக எனக்கும் விளங்கியது.

"சோதினை இல்லையப்பா. பாத்து உதவி செய்யத்தானாம்."

"படத்தைக் காட்டிக் கேள்வி கேப்பினம் எண்டு நீர்தானே சொன்னனீர்? கேள்வி கேட்டு மார்க்ஸ் போட்டால் அது சோதினைதான். பெயிலாப் போனால் ஃபைலிலை ஏறிடும். பிறகு அவள் பெரிசாகி யூனிவேர்சிற்றி போகேக்குள்ளையும் அது பின்னாலை வரும்."

"அவளுக்கு உதவி வேணும்தானே?"

"பாஸ் பண்ணினால்தானே உதவி தருவினம்? பெயிலான பிள்ளைக்கு ஆர் இடம் குடுக்கிறது?"

எங்கள் ஆட்களுக்குச் சோதினை என்ற சொல் காதில் விழுந்தால் கால் தானாக ரியூஷன் பக்கம் நடக்கும். கஜீவனின் கால் யோகராணி ரீச்சரிடம் நடந்தது. ரீச்சர் ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்குப் படிப்பித்துப் பேரெடுத்தவர். அவருடைய விறாந்தையில் ஒரு கிளிக்கூடு தொங்கியதாம். அந்தக் கிளி பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுக் கேட்டு ஒரு வருசம் தானே சோதினை எழுதி வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தது. பிறப்பத்தாட்சி இல்லாதபடியால் சேர்ட்டிபிக்கேற் கொடுக்கவில்லை. கிளிக்குத்தான் அநியாயம். இப்போது அவர் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், கீழே நகைக்கடையும் பக்கத்தில் வரி நிரப்புகிறவருமாக, வகுப்பு நடத்துகிறார். வாசலில் எப்போதும் குட்டிச் சப்பாத்துகள் பனி உருகி ஒழுகிக்கொண்டு கிடக்கும்.

"என்ன கேப்பினம் எண்டு தெரிஞ்சால் எந்தப் பிள்ளையும் பாஸ்தான் தங்கச்சி" என்று ரீச்சர் சுபாங்கிக்குச் சொன்னார். "முதல் போய்வந்த பிள்ளையளிட்டை நான் விசாரிச்சு வைச்சிருக்கிறன். பெடியன் பந்தடிக்கிற மாதிரி, பெட்டை கைகழுவிற மாதிரிப் படங்கள்தான்."

"அவளுக்கு விளங்குமோ ரீச்சர்?"

"விளங்கிறது பிறகு. முதல் பாஸ் பண்ணட்டும். ஒண்டு சொல்லுறன், வீட்டிலை தமிழை இப்போதைக்கு நிப்பாட்டுங்கோ."

நிற்பாட்டினார்கள். சுபாங்கியின் ஆங்கிலம் பஸ்ஸுக்கும் வங்கிக்கும் காணும், பிள்ளையைக் கொஞ்சக் காணாது. "கம்" என்பாள், "ஈற்" என்பாள், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நெற்றியைத் தடவி விடுவாள். கஜீவன் ஃபோர்க்லிஃப்ட் ஆங்கிலம் கதைத்தான். அது முழுக்க "வாட்ச் அவுட்", "பாக் அப்", "ஸ்லோ, ஸ்லோ" தான். பிள்ளை சோற்றுக் கோப்பையோடு நடந்தால் பின்னால் நின்று "பாக் அப்" என்பான். மற்றப்படி அந்த வீட்டில் இருந்து கீழே ஒரு சத்தமும் வரவில்லை. குழாய் அடைத்துவிட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். அடைக்கவில்லை.

வந்த ஒரே சத்தம் பாடமாக்கும் சத்தம்.

"வாட் இஸ் த போய் டூயிங்?"

"த போய் இஸ் கிக்கிங் த போல்."

"வாட் இஸ் த கேர்ள் டூயிங்?"

"த கேர்ள் இஸ் வோஷிங் ஹேர் ஹான்ட்ஸ்."

அச்சுப் பிசகாமல் சொன்னாள். ராகம் போட்ட எதையும் பிடிக்கக்கூடிய பிள்ளை அவள். என்ன, றஸ்க் தூளில் கை வைக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள். சட்டைக் கொலரைக் கடித்துக் கடித்து நூல் பிரிய வைத்தாள். எப்போதோ விட்டிருந்த படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. சுபாங்கி நனைந்த துணிகளைக் கீழே கொண்டுவந்து என் அறைக்குப் பக்கத்தில் இருந்த மெஷினில் போடுவாள்.

"பிள்ளை, சரியில்லைப் போலக் கிடக்கு" என்றேன் ஒருநாள்.

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு அங்கிள்" என்றாள். சோப்புத் தூளை அளக்காமல் கொட்டினாள். "ஆனால் நான் ஒருத்திதான் அப்பிடி நினைக்கிறன். பிழையா நினைக்கிறனோ தெரியேல்லை."

சோதினை நாள் வந்தது. அந்த அறைக்குள் நான் இல்லை. ஆனாலும் புருசனும் பெண்சாதியும் தனித்தனியாக வந்து எனக்குச் சொன்னபடியால், உள்ளே இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஜெசிகா முதலே கேட்டிருந்தாளாம். "நோ நீட்" என்று கஜீவன் சொல்லிவிட்டான். வீட்டுப் பிரச்சினையை இன்னொரு தமிழ் ஆளுக்குமுன் கொட்ட அவனுக்கு மனமில்லை. சாம்பவி படங்களுக்குக் கிளிபோல் பதில் சொன்னாள். அதன்பின் ஜெசிகா தாய் தகப்பன் பக்கம் திரும்பி, வீட்டில் தமிழ் எப்படிக் கதைக்கிறாள் என்று கேட்டாள்.

"வெரி குட்" என்றான் கஜீவன். "தமிழ் சுப்பர். நொன்-ஸ்ரொப்."

சுபாங்கி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அதிகாரி கேட்கும்போது பிள்ளையைப் பற்றிக் குறைவாகச் சொல்வதா? எங்கள் ஆட்களில் யார் அப்படிச் சொல்வார்கள்?

ஜெசிகா சந்தோசமாகத் தலையாட்டினாள். வீட்டு மொழி நன்றாக இருந்தால் பிள்ளைக்குப் பேச்சில் கோளாறு இல்லை, ஆங்கிலம் புதிது என்பதுதான் காரணம், அது மெல்ல மெல்ல வரும். குழு தேவையில்லை. அடுத்த வருசம் திரும்பப் பார்ப்போம். அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

கஜீவன் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். அதன் மேல் பாஸ் பண்ணிய பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. யோகராணி ரீச்சருக்கு ஒரு துண்டு போனது. எனக்கும் ஒன்று வந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் குழாய் வழியாகச் சுபாங்கி கேட்டது எனக்குக் கேட்டது.

"அப்ப அந்தக் குழு இல்லையோ?"

"பாஸ் எண்டால் பிறகு என்னத்துக்குக் குழு?"

"அதுக்குத்தானே போனனாங்கள் அப்பா?"

தட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அவனுக்கு விசயம் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். கேக்கின் மிச்சம் பல நாள் ஃப்ரிஜ்ஜில் கிடந்து காய்ந்தது. யாரும் தொடவில்லை.

தை பிறந்தது. மல்வேர்னில் அந்த வருசப் பனி மேலிருந்து மட்டும் கொட்டவில்லை. நிலத்தில் கொட்டியதே போதாதென்று கீழேயிருந்து மேலே கிளம்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சாம்பவியின் கையுறையைச் சுபாங்கி கழற்ற, பிள்ளை சத்தம் போடாமல் கண்ணை இறுக்கி மூடியது. நடுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நகத்துக்குக் கீழே கறுத்த இரத்தம்.

நான் அப்போது குசினியில், வெடித்த றோல்ஸுக்காக நின்றேன். ஆகவே இதைக் கண்ணால் பார்த்தேன்.

"ஐயோ குஞ்சு! என்ன நடந்தது?"

பிள்ளை சிரித்தது.

"கதவிலை நசிஞ்சதோ? ஆரும் அடிச்சவையோ? விழுந்தனீயோ? அம்மாட்டைச் சொல்லு செல்லம்."

சாம்பவி வாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பத் திறந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று தெரியும். பதில் இருக்கிற ஒரே இடத்தில் தேடி எடுத்தாள்.

"த கேர்ள் இஸ் வோஷிங் ஹேர் ஹான்ட்ஸ்."

சுபாங்கி பிள்ளையின் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அடுப்பில் எண்ணெய் புகையத் தொடங்கியது. நான்தான் போய் நிற்பாட்டினேன்.

வோக்-இன் கிளினிக்கில் எலும்பு முறியவில்லை என்று சொல்லி விரலைக் கட்டி விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை அழவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அன்று கஜீவன் வேலையால் வந்து சாப்பிட்டு முடிய, மேலே சண்டை தொடங்கியது.

"நான் அந்த ஜெசிகாவுக்கு ஃபோன் எடுக்கப்போறன்."

"எடுத்து?"

"உண்மையைச் சொல்லப்போறன். இவளுக்குத் தமிழும் வராதெண்டு. நாங்கள் பாடமாக்கிக் கூட்டிக்கொண்டு போனனாங்கள் எண்டு."

"உமக்கென்ன விசரே? போனமுறை ஒரு கதை, இந்தமுறை இன்னொரு கதையோ? எழுதி வைச்சிருப்பினம். பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாப்பினம்."

"பாக்கட்டும்."

"உமக்குத் தெரியாது சுபா. நீர் பிளேனிலை வந்த ஆள்."

இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கஜீவன் அகதியாகக் கப்பலில் வந்தவன். இருபது வயதில். வந்து இறங்கியதும் உள்ளே வைத்து விசாரித்தார்கள். ஒருமுறை, தம்பியை மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். இன்னொருமுறை, சித்தப்பா வீட்டில் விட்டதாகச் சொன்னான். கதை ஏன் மாறியது என்று கேட்டார்கள். அவனால் சொல்ல முடியவில்லை. மாமாவும் சித்தப்பாவும் ஒரே ஆள்தான். தாய்வழியில் மாமா, தகப்பன்வழியில் சித்தப்பா முறை. அதை மொழிபெயர்க்கிறவர் விளங்கப்படுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவனுடைய வழக்கு வருசக்கணக்கில் இழுபட்டது. அன்றிலிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாருக்கும் ஒரு கதையை ஒரு தரம் சொன்னால், சாகும்வரைக்கும் அதே கதைதான். பல்வைத்தியரிடம் இடதுபக்கப் பல் வலிக்கிறது என்று மாறிச் சொல்லிவிட்டு, இடதுபக்கத்தில் நல்ல பல்லையே பிடுங்குவித்துக்கொண்டு வந்தவன் அவன். பல்லை நானே பார்த்தேன். முத்து மாதிரி.

"இது கேஸ் இல்லையப்பா" என்றாள் சுபாங்கி. "இது பிள்ளை."

"ஒஃபிஸ் எண்டால் எல்லாம் ஒஃபிஸ்தான். பொய் சொன்ன தாய் தகப்பன் எண்டு எழுதிப்போட்டால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால்?"

"பகல் முழுக்க அந்த விரலோடை இருந்திருக்கிறாள். சொல்ல விருப்பம் இல்லாமல் இல்லை, சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறாள். நாளைக்கு ஆரும் வேறை என்ன செய்தாலும் இவள் வந்து கை கழுவின கதைதான் சொல்லப்போறாள். அதுக்கு என்ன செய்யப்போறியள்? சொல்லுங்கோ. அதுக்கு என்ன செய்யப்போறியள்?"

அடுத்தநாள் காலை அவன் வேலைக்குப் போன கதவுச் சத்தம் கேட்டது.

சுபாங்கி ஃபோன் எடுத்தாள். என்ன ஆங்கிலத்தில் சொன்னாளோ, ஜெசிகா திரும்ப வரச் சொன்னாள். இந்தமுறை மொழிபெயர்ப்பாளரும் வருவார். ஆனால் அந்தக் குழுவில் இன்னும் இடம் இருக்குமா என்று உறுதி சொல்லமுடியாது. கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாளாம்.

கஜீவனின் கார் பனியில் கிளம்ப மறுத்ததால் என் வானில் போனோம். என் வானுக்கு இடதுபக்கம் திரும்புவது பிடிக்காது. வலதுபக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனால் எந்த இடத்துக்கும் போகலாம், கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். பாதி ஸ்காபரோவைச் சுற்றிக்கொண்டு போகிற வழி முழுக்கக் கஜீவன் சொல்லவேண்டியதை உதட்டுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தான். பின்சீற்றில் சாம்பவி கொலரைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிகா என்னைத் தாத்தா என்று நினைத்து உள்ளே கூப்பிட்டாள். நான் மறுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் பெயர் கிளடிஸ். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, நெஞ்சில் சின்னச் சிலுவை. "வாங்கோ, இருங்கோ. றோட்டு எப்பிடி?" என்று கேட்டார். எல்லோரும் இருந்தார்கள். கஜீவன் இருக்கவில்லை.

"போனமுறை..." என்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "போனமுறை நான் சொன்னது பிழை."

"இருந்து கதையும் தம்பி" என்றார் கிளடிஸ். "இது கோட்டு வழக்கு இல்லை."

அவன் நின்றபடியே சொன்னான். பிள்ளைக்குத் தமிழும் வராது. படங்களுக்குப் பதில் பாடமாக்கினது. விரல் நசிந்தது, எப்படியென்று இன்னும் தெரியாது. வெளியே ரோட்டுப் பனிக்கு உப்புப் போடுகிற லொறி போய்க்கொண்டிருந்தது. கிளடிஸ் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஜெசிகா எழுதினாள். அவளுடைய பேனை அசைகிற பக்கமே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் மாத்திச் சொல்லுறன் எண்டு கேளுங்கோ" என்றான் கடைசியில். தானே கேட்டான், பாவம்.

ஜெசிகா சொன்னதைக் கிளடிஸ் தமிழில் சொன்னார். "அவ கேக்கேல்லை. கதை மாறினபடியால்தான் பிள்ளையைத் தனக்குத் தெரியவந்தது எண்டு சொல்லுறா. இரும் தம்பி, இப்ப பிள்ளையைப் பாப்பம்."

அவன் இருந்தான், விழுந்த மாதிரி.

இந்தமுறை சோதினை தமிழில். எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகம். ஒரு பெடியன் பஸ்ஸுக்கு நிற்கிறான். அணில் அவனுடைய பையிலிருந்து சாண்ட்விச்சைக் களவெடுத்துக்கொண்டு மரத்தில் ஏறுகிறது. சாண்ட்விச் வழுகிக் கீழே விழ, நாய் வந்து சாப்பிடுகிறது. கிளடிஸ் பக்கம் பக்கமாகச் சொல்லி முடித்து, புத்தகத்தைச் சாம்பவியிடம் கொடுத்தார்.

"இப்ப நீங்கள் எனக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ பாப்பம்." பிறகு எங்களைப் பார்த்து, "ஒருத்தரும் எடுத்துக் குடுக்கக்கூடாது, சரியே? கண்ணாலையும் குடுக்கக்கூடாது."

"அணில்" என்றாள் சாம்பவி. ஒரு பக்கம் புரட்டினாள். "அது... அது..." விரல் கட்டோடு படத்தைத் தொட்டாள். "மரம்."

காத்திருந்தோம்.

"நாய் சாப்பிடு."

இன்னும் காத்திருந்தோம். அந்தக் குட்டி முகத்தில் சிரிப்பு வந்தது. எங்களுக்குத் தெரிந்த சிரிப்பு. ஜெசிகா திரும்பச் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். கஜீவன் கைமுட்டியைக் கடித்தான். எனக்கே அணிலைப் பற்றிச் சொல்ல வாய் துறுதுறுத்தது. என் வாழ்க்கையில் கதை ஒன்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான்.

"த போய் இஸ் கிக்கிங் த போல்" என்றாள் சாம்பவி.

படத்தில் பந்து இல்லை. அவளும் பார்த்தாள். பந்தைத் தேடுகிறவள்போல அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், அதற்கடுத்த பக்கத்தையும். பிறகு தாயைப் பார்த்தாள். சுபாங்கி உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். ஒரு எழுத்தும் வெளியே விடவில்லை. என்ன வீராங்கனை! பெற்ற பிள்ளை தண்ணீரில் கை அடிக்கும்போது கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி அது.

பிள்ளையின் சிரிப்பு கழன்றது. புத்தகத்தை மெல்ல மூடி, கிளடிஸ் பக்கம் தள்ளினாள்.

"வாய் வராது" என்றாள்.

அதைத்தான் அத்தனை காலமும் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

பிறகு ஜெசிகா நீண்டநேரம் கதைத்தாள். கிளடிஸ் சுருக்கிச் சொன்னார். "உதுக்குப் பெரிய பேர் ஒண்டு இருக்கு, மொழி வளர்ச்சிக் குறைபாடு எண்டு தமிழிலை சொல்லலாம். பிள்ளையின்ரை மூளை மொழியைப் பிடிக்கக் கஷ்டப்படுது. ஒரு பாசை எண்டாலும் கஷ்டப்படும், ரண்டு எண்டாலும் கஷ்டப்படும். ரண்டு பாசை கதைச்சதாலை வந்ததில்லை. ஐபாட்டாலை வந்ததில்லை. தாய் றோல்ஸ் சுத்தினதாலையும் வந்ததில்லை."

"மாறுமோ?" என்று சுபாங்கி கேட்டாள்.

"முழுக்க மாறும் எண்டு சொல்லேல்லை, தங்கச்சி. உதவி செய்தால் நல்லா முன்னேறுவாளாம். கனகாலம் செய்யவேண்டியும் வருமாம். தமிழை நிப்பாட்டவேண்டாம் எண்டுறா. உங்களுக்குச் சரளமா வாற பாசையிலை கதையுங்கோவாம்."

"அந்தக் குழு?"

ஜெசிகா தலையை ஆட்டினாள். ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறாள். பங்குனி விடுமுறை முடிய வரலாம்.

கஜீவன் கதிரையின் நுனிக்கு வந்தான். "அப்ப... பெயில்தானே?" என்றான்.

கிளடிஸ் அவனைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஓம் தம்பி. நல்ல வடிவாப் பெயில்."

"தாங்க்ஸ்" என்றான் கஜீவன். ஜெசிகாவுக்கும் சொன்னான். கதவடியில் நின்று எனக்கும் சொன்னான். பிள்ளை பெயிலானதற்கு நன்றி சொன்ன முதல் தமிழன் அவனாகத்தான் இருக்கவேண்டும். யோகராணி ரீச்சருக்கு மட்டும் அவன் இன்னும் சொல்லவில்லை. ரீச்சரின் சுவரில் சாம்பவியின் பெயர் பாஸ் பண்ணியவர்களோடு தொங்குகிறது.

ஜெசிகா ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தாள், பிள்ளைக்கு அல்ல, தகப்பனுக்கும் தாய்க்கும். அன்றன்று நடந்த ஒன்றைச் சின்னச் சின்ன வசனமாகச் சொல்லவேண்டும். பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லக்கூடாது. பிள்ளை ஏதாவது சொல்லவந்தால் காத்திருக்கவேண்டும். சுபாங்கிக்கு அது வந்தது. மாவைக் கரைத்தபடியே கடைக்காரரின் கோபத்தைச் சொல்வாள், பஸ்ஸில் இருந்த நாயைச் சொல்வாள். குழாயில் திரும்பவும் சத்தம் வரத்தொடங்கியது. கஜீவன்தான் திண்டாடினான். அதிகாரிகளுக்குச் சொன்ன கதையைத் தவிர அவனுக்குத் தொடர்ச்சியாகச் சொல்ல ஒரு கதையும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை வேலையால் வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்று தொடங்கினான். "அப்பா இண்டைக்கு வண்டி ஓட்டினன். பெட்டி விழுந்தது. பீச் பழ ரின் எல்லாம் உருண்டது. எல்லாரும் ஓடினம்." சாம்பவி றஸ்க் தூளில் கை வைத்தபடி கேட்டாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை.

அடுத்தநாள் அவனுக்கு டபிள் ஷிஃப்ட். சனிக்கிழமை ஓடருக்காகச் சுபாங்கி மலையாக றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் வெடித்ததற்கு நின்றேன். கஜீவன் கதிரையில் சரிந்து இருந்து, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் முதல்நாள் கதையையே திரும்ப எடுத்தான். "அப்பா வண்டி ஓட்டினன். பெட்டி விழுந்தது. தக்காளி ரின் எல்லாம் உருண்டது."

சாம்பவியின் கை நின்றது.

"இல்லை" என்றாள்.

சுபாங்கி நிமிர்ந்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அது... அது..." பிள்ளை தேடினாள். நெற்றியில் மாவு. "பீச். நேற்று பீச்."

கஜீவனின் முகம் போனபோக்கை நான் பார்த்தேன். இருபது வயதில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த முகம் அதுவாகத்தான் இருக்கும். மெதுவாக நிமிர்ந்து இருந்தான். "ஓம் மகள்" என்றான். "நேற்றுப் பீச் எண்டு சொன்னனான். இண்டைக்குத் தக்காளி எண்டு சொல்லிப்போட்டன்."

சாம்பவி அவனையே பார்த்தாள். அந்தப் பிள்ளை ஒருவரிடமும் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"ஏன்?"

அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. கஜீவன் வாயைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான். நாங்கள் அவனுக்காகவும் காத்திருந்தோம்.

"களைச்சுப்போனன் மகள்" என்றான். "மறந்துபோனன்."

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"சரி" என்றாள். அடுத்த றோல்ஸை எடுத்து முட்டையில் தோய்த்தாள்.